மலபார் தேக்கு, ஹார்ட்டில்பூல் தண்ணீர்

செவ்வாய் – நியூகாஸில், வால்சென்ட்

தம்பி மிடில்ஸ்பரோவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறான். அவன் மகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் நேரமாகப் பார்த்து வந்து இறங்கியிருக்கிறேன். லண்டனுக்கு வடக்கே வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் நேராக எடின்பரோவுக்குப் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கு வேறு திட்டம். டைன், வேர், டீஸ் என்று மூன்று ஆறுகள் பக்கத்தில் பக்கத்தில் கடலில் கலக்கும் பகுதி இது. ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஓடிய சரக்குக் கப்பல்களில் பெரும் பங்கு இந்த மூன்று ஆற்றங்கரைகளில் கட்டியவை. இப்போது எல்லாம் அருங்காட்சியகமாகவும் அடுக்குமாடி வீடாகவும் ஆகிவிட்டது. நாகப்பட்டினத்துக்காரனுக்குக் கப்பல் என்று எழுதியிருந்தால் போதும், கிளம்பிவிடுவான்.

முதல் நாள் நியூகாஸில். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் டிஸ்கவரி மியூசியம். அனுமதி இலவசம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது டர்பினியா. 1894ல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய படகு. முப்பது மீட்டருக்கு மேல் நீளம், அகலம் மூன்று மீட்டர்கூடக் கிடையாது. சின்னவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பெரியப்பா, இது கப்பலா ஊசியா?" என்றாள்.

நீராவியால் ஓடும் டர்பைனைக் கப்பலுக்குள் வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது இந்த ஊசிதான். எடுத்த எடுப்பில் சரிப்பட்டு வரவில்லை. டர்பைன் அசுர வேகத்தில் சுற்றும். அதனோடு மாட்டிய ஒற்றைத் திருகும் (கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லர்) அதே வேகத்தில் சுற்றியபோது, இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கியது. திருகு தண்ணீரைத் தள்ளுவதை விட்டுவிட்டுக் குமிழைக் கலக்கிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் சின்னதாக ஒரு தொட்டி செய்து, அதற்குள் குட்டித் திருகைச் சுழலவிட்டு, குமிழ் எங்கே பிறக்கிறது என்று பார்த்தார். அப்புறம் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று திருகு என ஒன்பது திருகுகள். 1897 ஜூனில் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகத் தென் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடலில் போர்க்கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. யாரும் அழைக்காமலேயே டர்பினியா அந்த வரிசைகளுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. துரத்தின படகுகளால் பிடிக்க முடியவில்லை. அதன் வேகம் மணிக்கு 34 கடல் மைலுக்கு மேல். விண்ணப்பம் எழுதி, குழு அமைத்து, அறிக்கை வாங்கி என்று போயிருந்தால் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. பத்தாண்டுக்குள் பிரிட்டிஷ் கடற்படையின் டிரெட்நாட் போர்க்கப்பலும், இதே டைன் ஆற்றில் கட்டிய மொரிட்டேனியா பயணிகள் கப்பலும் டர்பைனில் ஓடின.

மதியம் மெட்ரோ பிடித்து வால்சென்ட் போனோம். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதில் கிழக்கே முடிகிற இடம். ஊர்ப் பெயரே அதுதான். மெட்ரோ நிலையத்தில் லத்தீனிலும் பலகை வைத்திருக்கிறார்கள். கோட்டை இடிபாடுகள் முழங்கால் உயரம்தான். ஆனால் பக்கத்திலேயே ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒரு பக்கம் ரோமானியரின் அஸ்திவாரம், மறுபக்கம் ஸ்வான் ஹண்டர் கப்பல் கட்டுதளம் இருந்த இடம். மொரிட்டேனியா கடலில் இறங்கியது இங்கேதான், 1906ல். டைட்டானிக்கில் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு போன கார்பேத்தியாவும் ஸ்வான் ஹண்டர் கட்டியதுதான்.

பழைய புகைப்படங்களில் வால்சென்டின் தெருக் கோடியில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ராட்சதக் கிரேன்கள் நிற்கும். இப்போது அவை இல்லை. 2007ல் கிரேன்களையும் மிதக்கும் துறையையும் மற்ற சாமான்களையும் மொத்தமாக விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? இந்தியாவின் பாரதி ஷிப்யார்டு. 2009ல் கிரேன்கள் பெரிய கப்பலில் ஏறி டைன் ஆற்றைவிட்டுப் போயின.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, "அப்படியா? என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தரின் அப்பா அங்கே வெல்டர்" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை, கறிக்குழம்பு சூடாக இருந்தது.

புதன் – சண்டர்லேண்ட்

இன்று அதிகம் சுற்றவில்லை. காற்று ஆளைத் தள்ளிற்று.

வேர் ஆறு சின்ன ஆறு. இந்த ஆற்றை வைத்துக்கொண்டு சண்டர்லேண்ட் தன்னை உலகத்திலேயே பெரிய கப்பல் கட்டும் ஊர் என்று சொல்லிக்கொண்டது. வாயடிப்பு என்று ஒதுக்கவும் முடியாது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இங்கே நார்த் சாண்ட்ஸ் என்ற இடத்தில் இருந்த ஜே. எல். தாம்ஸன் கட்டுதளத்தின் எளிமையான சரக்குக் கப்பல் வடிவத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் லிபர்ட்டி கப்பல். அமெரிக்கா 2,710 கட்டித் தள்ளியது. கனடாவும் அதே வடிவத்தில் கட்டியது. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா துறையில் பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றிவந்து வெடித்து, துறைமுகத்தையே கிழித்துப்போட்டதே ஃபோர்ட் ஸ்டிகீன், அது அந்தக் கனடா வரிசையில் ஒன்று.

1988ல் கடைசிக் கட்டுதளமும் மூடியாகிவிட்டது. ஊர் அருங்காட்சியகத்தில் கப்பல் கட்டிய வரலாற்றுக்கு ஒரு கூடம் உண்டு. மாதிரிக் கப்பல்கள் அருமை. முதலாளி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரசிப்பதற்காகச் செய்தவை, ஒவ்வொரு கப்பியும் தனித்தனியாகத் தெரியும்.

முழுக் கப்பல் ஒன்றும் இந்த ஊருக்குக் கிடைத்திருக்கலாம். சிட்டி ஆஃப் அடிலெய்டு என்று ஒரு கிளிப்பர், அதாவது வேகமாக ஓடும் பாய்மரக் கப்பல், 1864ல் இங்கே கட்டியது. இரும்பு வங்குகள் (கப்பலின் விலா எலும்புகள்), மேலே மரப்பலகை. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளைச் சுமந்த கப்பல். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் ஓர் ஆற்றோரம் இற்றுப்போய்க் கிடந்தது. பிறந்த ஊருக்கே கொண்டுவர வேண்டும் என்று சண்டர்லேண்ட்காரர்கள் இயக்கம் நடத்தினார்கள். கிடைக்கவில்லை. அடிலெய்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். 2014 பிப்ரவரியில் வேறொரு கப்பலின் முதுகில் ஏறி அது தெற்கு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. சுமந்துபோன ஊருக்கா, பெற்ற ஊருக்கா, யாருக்கு உரிமை அதிகம் என்று கேட்டால் எனக்குச் சண்டர்லேண்ட் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதே நியாயத்தை வெள்ளிக்கிழமை ஹார்ட்டில்பூலில் பார்க்கப்போகிற, பம்பாயில் கட்டிய டிரிங்கோமலி கப்பலுக்குப் பொருத்தினால் ஹார்ட்டில்பூல் அதைக் கழற்றி மும்பைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்!

வியாழன் – மிடில்ஸ்பரோ, மழை

வெளியே தலைகாட்ட முடியவில்லை. மதியம் சின்னவள் பிடிவாதம் பிடித்து பார்மோ வாங்க வைத்தாள். கோழிக்கறியைத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, வெள்ளை சாஸும் சீஸும் ஊற்றிச் சுட்டுத் தருகிறார்கள். இந்த ஊரின் பெருமையாம். எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொண்டு பாதி சாப்பிட்டேன்.

வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில் நாளைக்குப் பார்க்கப்போகிற டிரிங்கோமலி கப்பலைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கதை பம்பாயில் ஆரம்பிக்கிறது.

1730களின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்திலிருந்து லௌஜி நஸர்வான்ஜி என்ற பார்சித் தச்சரைப் பம்பாய்க்கு அழைத்துவந்தது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கம்பெனியின் தலைமைக் கப்பல் தச்சர்களாக இருந்தார்கள். வாடியா குடும்பம் என்று இன்று நாம் அறிவது இவர்களைத்தான். 1750ல் அங்கே உலர் துறை (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் வேலை பார்க்கும் துறை) கட்டப்பட்டது. ஆசியாவில் முதலாவது என்று அதைச் சொல்வதுண்டு. 1810ல் மின்டன், 1813ல் கார்ன்வாலிஸ் என்று பிரிட்டிஷ் அரசக் கடற்படைக்கே பெரிய போர்க்கப்பல்களை இந்தக் குடும்பம் கட்டிக் கொடுத்தது. 1842ல் சீனாவுடன் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது அந்தக் கார்ன்வாலிஸின் மேல்தான்.

பம்பாய்க்கு ஏன் வந்தார்கள்? நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் தீர்ந்துகொண்டிருந்தது. தேக்கு அதைவிடத் தேவலை என்பதும் தெரிந்திருந்தது. ஓக்கில் உள்ள அமிலம் ஆணியையும் போல்ட்டையும் அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காப்பாற்றும். புழுவும் உளுப்பும் சீக்கிரத்தில் அண்டாது. அந்தத் தேக்கு வந்தது மலபார்க் காடுகளிலிருந்து. மலபார் அப்போது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1806ல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளுக்குப் பாதுகாவலராகப் போட்டார்கள். பதவிப் பெயர்தான் பாதுகாவலர், வேலை கடற்படைக்கு மரம் சேர்ப்பது. ஊர்க்காரர்களும் மர வியாபாரிகளும் கொதித்துப்போனார்கள். 1823ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். அதற்குள் வெட்ட வேண்டியதை வெட்டியாகிவிட்டது. 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட வேண்டிய நிலை வந்தது.

டிரிங்கோமலிக்கு ஆர்டர் கொடுத்தது 1812 அக்டோபரில். அதன் வடிவம் 1782ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த ஹெபே என்ற கப்பலைப் பார்த்து எடுத்தது. வரைபடங்களை ஜாவா என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அமெரிக்காவோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம். அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் ஜாவாவை அடித்து நொறுக்கியது. வரைபடமும் போயிற்று. அதே கப்பலில் பம்பாய்ப் படைத்தலைவராக வந்துகொண்டிருந்த ஜெனரல் ஹிஸ்லாப்பும் சிறைபட்டார். பின்னால் சென்னைப் படைக்குத் தளபதியாக வந்தவர் அவரே. மறுபடி வரைபடம் போட்டு அனுப்பி, ஏரா (கப்பலின் அடிமரம்) வைத்து வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது. தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பார்சி வழக்கப்படி ஏராவில் வெள்ளி ஆணி ஒன்று அடித்து ஆரம்பித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் இன்னும் தண்ணீரில் மிதக்கிற பழைய போர்க்கப்பல்களில் முதலாவது பாஸ்டனில் இருக்கும் அந்தக் கான்ஸ்டிட்யூஷன். அடுத்தது இது. கெடுத்ததும் கெட்டதும் இரண்டும் பிழைத்துக் கிடக்கின்றன.

வெள்ளி – ஹார்ட்டில்பூல்

மழை விட்டிருந்தது. மிடில்ஸ்பரோவிலிருந்து கடற்கரை ரயிலில் சீக்கிரமே வந்துவிடலாம். நிலையத்திலிருந்து மரீனா என்கிற படகுத்துறையை நோக்கி நடந்தால், சூப்பர் மார்க்கெட் கூரைக்கும் உணவகப் பலகைகளுக்கும் மேலே மூன்று பாய்மரங்கள் தெரிகின்றன. அதை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம், கூகுள் வேண்டாம்.

சதுரமான ஒரு துறை. அதைச் சுற்றிப் பழைய காலத்துத் துறைமுகத் தெரு மாதிரி கடைகள் கட்டியிருக்கிறார்கள்: துப்பாக்கி செய்கிறவர், தையல்காரர், கப்பல் கருவி விற்கிறவர் என்று. பொம்மை மனிதர்கள், பின்னணியில் பேச்சுக் குரல். பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும். சின்னவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். எனக்கு இந்த மாதிரி செட் போட்ட தெருக்களில் நாட்டம் கிடையாது. துறையின் நடுவில் நிஜம் மிதந்துகொண்டிருக்கும்போது அட்டைத் தெரு எதற்கு?

கறுப்பும் வெள்ளையும் பட்டை அடித்த உடம்பு. பட்டையில் வரிசையாகப் பீரங்கி வாசல்கள். அணியத்தின் (கப்பலின் முன்முனை) கீழே முகப்புச் சிலை: தலைப்பாகை கட்டிய ஓர் இந்திய ஆண். இங்கே பார்த்த மற்ற முகப்புச் சிலைகளெல்லாம் ரோமாபுரி வீரனும் தாவணி பறக்கும் தேவதையுமாக இருந்ததால் இவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். வடகடல் குளிரில் முண்டாசு கட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கப்பலுக்குப் பெயர் வந்தது 1782ஆம் வருடச் சண்டையால். அந்த ஒரே வருடத்தில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸும் நம் கடலில் திரும்பத் திரும்ப மோதினார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கைக் கரை, ஜூலை 6ல் எங்கள் நாகப்பட்டினம், செப்டம்பர் 3ல் திருகோணமலை. மறுவருடம் கடலூர். ஒன்றிலும் தீர்மானமான வெற்றி யாருக்கும் இல்லை. நாகையில் இதைப்பற்றி ஒரு கல்கூட நான் பார்த்ததில்லை, பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தரவும் இல்லை. சின்னவளுக்கு இதைச் சொன்னேன். "அப்போ நாகப்பட்டினம்னு ஒரு கப்பல் இருக்கா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

மேல்தளத்தில் கால் வைத்ததும் பலகைகளுக்கு நடுவே தார் அடைத்த கறுப்புக் கோடுகள், ஒரே சீராக, அணியம் வரைக்கும். கலப்பற்று பார்த்திருக்கிறார்கள். பலகைகளுக்கு நடுவே நாரைத் திணித்து மேலே தார் ஊற்றும் அதே வேலையைத் தூத்துக்குடித் தோணிகளில் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் தார் விரல் நுனி அளவு பொங்கி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

அடுத்த தளம் பீரங்கித் தளம். 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள், ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டிய தாம்புக் கயிறு என் மணிக்கட்டுத் தடிமன். பின்கோடியில் கேப்டனின் அறை: ஜன்னல், மேசை, நாற்காலி, நல்ல வெளிச்சம். அந்த அறைக்குள்ளும் பீரங்கிதான். சண்டை வந்தால் தடுப்புகளைக் கழற்றிவிட்டு மேசை நாற்காலியைக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

அதற்கும் கீழே இறங்கினால் கப்பலாட்கள் குடியிருந்த தளம். இங்கே நான் குனிந்துதான் நடந்தேன். சின்னவள் நிமிர்ந்து நடந்தாள், அதில் அவளுக்கு ஏகப் பெருமை. உத்தரங்களுக்கு நடுவே தூங்கும் தொட்டில் துணிகள் தொங்குகின்றன. கயிற்றில் தொங்கும் சாப்பாட்டு மேசைகள், மரத்தட்டுகள். ஆள் தலை இடிக்கும் உயரத்தில் உத்தரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கையளவு இடைவெளிகூட வீணாக்காமல். ஓர் உத்தரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் இல்லாத ஒரு திட்டு. வாய்ச்சி என்ற தச்சுக் கருவியால் செதுக்கிய தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, மேலும் கீழுமாக ஆழமில்லாத அலைகள். செதுக்கிய கை பம்பாய்க் கையா, இருநூறு வருடம் கழித்து வந்த ஹார்ட்டில்பூல் கையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கப்பலில் இன்றைக்கும் பாதிக்கு மேல் பம்பாயில் வைத்த மரமே இருக்கிறது என்று சொல்கிறார்கள். முதலாவதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அங்கே தொண்டராக வேலை பார்க்கிறவர். நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் அடுத்த கேள்வி, "பம்பாயா?" இல்லை, தெற்கே, ஆனால் இந்த மரத்துக்குக் கொஞ்சம் பக்கம் என்றேன். சிரித்தார். மலபார் என்று சரியாகவே சொன்னார்.

கப்பலின் வாழ்க்கை வரலாற்றை அவரிடம் கேட்டால் ஒரு பெருமூச்சோடுதான் ஆரம்பிக்கிறார். 1817 அக்டோபர் 12ல் தண்ணீரில் இறங்கிற்று. அப்போது நெப்போலியன் தோற்று இரண்டு வருடம். எதற்காகக் கட்டினார்களோ அந்தப் போர் முடிந்துவிட்டது. இங்கிலாந்துக்கு வரும் வழியில் செயின்ட் ஹெலினாவில் நின்று, அங்கே சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஸ்டோகோ என்ற மருத்துவரை ஏற்றிக்கொண்டு 1819ல் போர்ட்ஸ்மத் வந்தது. வந்ததும் பாய்மரத்தைக் கழற்றி, கட்டிப்போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சும்மா. பிறகு பீரங்கிகளைக் குறைத்து, 1847 முதல் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் சில வருடம், 1852 முதல் பசிபிக்கில் சில வருடம். பெரிய கடற்சண்டை எதிலும் இறங்கியதில்லை. 1860களில் இதே ஹார்ட்டில்பூலிலும் சண்டர்லேண்டிலும் பயிற்சிக் கப்பலாக நின்றிருக்கிறது. 1897ல் உடைக்க விற்றார்கள். அந்த நேரத்தில் வீட்லி காப் என்ற பணக்காரர், ஃபூட்ராயன்ட் என்ற தன் பழைய கப்பலை பிளாக்பூல் கரையில் புயலுக்குப் பறிகொடுத்துவிட்டு வேறு கப்பல் தேடிக்கொண்டிருந்தார். இதை வாங்கி, போன கப்பலின் பெயரையே இதற்கும் வைத்தார். 1986 வரை பையன்களுக்கும் பெண்களுக்கும் கடற்பயிற்சி கொடுக்கிற கப்பலாகவே இருந்தது.

இந்தச் சரித்திரத்தில் வீரம் ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போயிருந்தால் குண்டடிபட்டு முடிந்திருக்கும். சும்மா கிடந்தும் இற்றுப்போகாமல் இருந்ததற்கு மரம்தான் காரணம். தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது, அது வேறு. கப்பல் எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் நான் இதற்குத்தான் வரச் சொல்வேன்.

1987ல் இது ஹார்ட்டில்பூலுக்கு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த ஊரில் வில்லியம் கிரே என்ற பெரிய கட்டுதளம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். 1979ல் வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலைப் புதுப்பிக்க இங்கே கொண்டுவந்தார்கள். எட்டு வருட வேலை. பழைய கைகள் புதிய பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. 1987ல் வாரியர் புதுமெருகோடு போர்ட்ஸ்மத்துக்குப் போய்விட்டது. தயாராக ஒரு படையே இருக்கிறது, செய்ய வேலை இல்லை. அதே வருடம் டிரிங்கோமலியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1990ல் தொடங்கி 2001 வரை வேலை நடந்தது. நடுவில், 1992ல், பழைய பெயர் திரும்பக் கிடைத்தது.

"வாரியர் போனபோது ஊரே கரையில் நின்றது. இது வந்தபோது அவ்வளவு பேர் இல்லை. முகம் மழித்த கிழவனைப்போல இருந்தது, பாய்மரமே கிடையாது" என்றார் பெரியவர். "இப்போது இது எங்கேயும் போகாது."

மும்பையில் லௌஜி வம்சம் வேலை பார்த்த துறை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. நீங்களும் நானும் நினைத்த மாத்திரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஜம்ஷெட்ஜியின் வேலையைத் தொட்டுப் பார்க்க ஹார்ட்டில்பூலுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சனி – ஹெட்லேண்ட், கிரேதார்ப்

தம்பிக்கு விடுமுறை. காரில் கிளம்பினோம். அருங்காட்சியகத் துறைக்குப் பக்கத்திலேயே விங்ஃபீல்ட் காசில் நிற்கிறது, கரையிலிருந்தே பார்த்தேன். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிப் படகு. 1934ல் இதே ஊரில், இதே வில்லியம் கிரே கட்டுதளத்தில் கட்டியது. ஹம்பர் ஆற்றில் ஹல்லுக்கும் நியூ ஹாலண்டுக்கும் நடுவே நாற்பது வருடம் ஆளையும் ஆட்டையும் காரையும் ஏற்றி இறக்கியது. அதோடு கூடப் பிறந்த டாட்டர்ஷால் காசில் லண்டனில் தேம்ஸ் கரையில் மதுக்கடையாக இருக்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளை இப்படி ஓரமாக நிற்க, நடு வீட்டில் பம்பாய்க்காரி. தம்பிதான் சொன்னான், "நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குக் கட்டில், நமக்குப் பாய். அதுதானே?" என்று.

ஹெட்லேண்ட்தான் ஹார்ட்டில்பூலின் பழைய ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, செயின்ட் ஹில்டா தேவாலயம், 1914 டிசம்பர் 16ல் ஜெர்மன் போர்க்கப்பல்கள் குண்டு போட்ட இடம். அலையைவிடக் குரங்குகள்தான் அதிகம், அதாவது குரங்கு பொம்மைகளும் படங்களும். நெப்போலியன் காலத்தில் உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து ஒரு குரங்கு கரை ஒதுங்கியதாம். மீனவர்கள் பிரெஞ்சுக்காரனை அதற்கு முன் பார்த்ததில்லை, ஒற்றன் என்று விசாரித்துத் தூக்கில் போட்டார்களாம். நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஊர்க்காரர்கள் முதலில் கோபப்பட்டு, பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள். உள்ளூர்க் கால்பந்து அணிக்குக் குரங்கு வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர் 2002ல் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்து மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தே விட்டார். நம்மூர் அரசியலைக் கிண்டலடிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஸீட்டன் கேரியைத் தாண்டி கிரேதார்ப் பக்கம் தம்பியை வண்டியை விடச் சொன்னேன். டீஸ் முகத்துவாரம். பறவைகள் பார்க்கிறவர்கள் தொலைநோக்கியோடு வருகிற சதுப்பு நிலம், அதை ஒட்டித் தொழிற்சாலைகள், நடுவே கப்பல் உடைக்கிற ஒரு பெரிய உலர் துறை. வேலிக்கு வெளியிலிருந்து கிரேன் மட்டும்தான் தெரியும்.

பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்ஸோவை நினைவிருக்கிறதா? 2005 கடைசி நாளில் குஜராத்தின் ஆலங் கரையில் உடைப்பதற்காகக் கிளப்பினார்கள். உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, நம் தொழிலாளர்கள் சாவார்கள் என்று இங்கேயும் அங்கேயும் எதிர்ப்பு. விவகாரம் நம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் ஷிராக் திரும்பி வரச் சொன்னார். கப்பலைத் திரும்ப பிரான்ஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் 2009ல் இந்தத் துறைக்குத்தான் வந்து சேர்ந்தது. முகமூடியும் பாதுகாப்பு உடையும் போட்டுக்கொண்டு, இந்த ஊர்க்காரர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அதற்கும் இங்கே கொஞ்சம் பேர் எதிர்ப்பு சொன்னார்கள்; கொஞ்சம் பேர் வேலை கிடைத்தால் போதும் என்றார்கள். ஆலங்கில் கேட்டாலும் இரண்டு பேச்சும் காதில் விழும்.

தம்பி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "உனக்கு ஊர் சுற்றிக் காட்டுவதென்றால் எல்லோரும் கோட்டை, அரண்மனை என்பார்கள். நீ என்னடா என்றால் கப்பல் உடைக்கிற வேலிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாய்" என்றான். நாளை விட்பிக்குப் போகலாம் என்று சமாதானம் பேசியிருக்கிறேன். அங்கே தேவாலயத்துக்கு 199 படி, கேப்டன் குக் தொழில் பழகிய வீடு, நல்ல மீன் கடைகள். சின்னவளுக்குப் படி எண்ணுகிற வேலை கொடுத்தாயிற்று.